மூன்றாவது துண்டு

எவ்தோகியாவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு பாங்கில் புத்தாண்டு கேக் வெட்டுகிறார்கள். கேக்குக்குள் ஒரு காசு ஒளிந்திருக்கிறது. யார் துண்டில் அது வருகிறதோ அவருக்கு உலகத்தில் எந்த ஊருக்கும் விமான டிக்கெட், கூடவே ஒரு மாச லீவு.

அவளுக்கு வேண்டியது மெல்போர்ன். முப்பது வருஷமாகக் கண்ணால் பார்க்காத தங்கை பெலாகியாவுக்கு ஐம்பத்து மூன்று வயதில் ஒருவழியாகக் கல்யாணம். "நீ வந்து பக்கத்துல நிக்கலன்னா நான் தலையில கல்யாணக் கிரீடமே வச்சுக்க மாட்டேன், பாத்துக்கோ" என்று போனில் ஒரே அழுகை. கவுண்டர் சம்பளத்தில் இந்த மித்திலினித் தீவிலிருந்து ஏதென்ஸ் போய்வருவதே பெரிய பாடு. ஆஸ்திரேலியாவுக்கு எங்கே போவது?

"இந்த வருஷமும் பாங்குக்குத்தான் போகும், பாரேன்" என்றான் பக்கத்துக் கவுண்டர் ஃபோத்திஸ்.

"உன் வாயைக் கழுவு."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, இரண்டாவது மாதாவுக்கு, மூன்றாவது பாங்குக்கு. அப்புறம்தான் ஊழியர்கள், சீனியாரிட்டிப்படி. மூன்று வருஷமாகக் காசு பாங்க் துண்டிலேயே வந்து தொலைத்தது. டிக்கெட் யாருக்கும் இல்லை. சீனியாரிட்டியில் முதல் ஆள் எவ்தோகியாதான். ஒரே ஒரு துண்டு தள்ளி வந்திருக்கக்கூடாதா என்று மூன்று வருஷமும் வயிறெரிந்திருக்கிறாள்.

கத்தி இந்தத் தடவை புது முதலாளி ஸ்ட்ராட்டிஸ் கையில். சோப்பு, ஆலிவ் எண்ணெய், கப்பல் என்று மூன்று தலைமுறையாகச் சம்பாதித்த வீட்டுப் பிள்ளை. லண்டனில் படிப்பு, ஜெனீவாவில் உத்தியோகம். நடுவில் ஒரு வருஷம் மட்டும் தாத்தா அவனை இங்கே எவ்தோகியாவுக்குப் பக்கத்துக் கவுண்டரில் உட்காரவைத்தார். அந்த ஒட்டுதலில் இன்னமும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் தங்கை கதையெல்லாம் அவனுக்கு அப்போதே மனப்பாடம்.

அவன் பெரியப்பா இக்னாத்தியோஸ் போன மாசம்தான் முதலாளி நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அதுவும் அரை மனசாக. "ஆறு மாசம் பாப்பேன். ஏடாகூடமா ஏதாவது பண்ணினே, நானே திரும்ப வந்து உட்காருவேன்" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். இன்றைக்கு முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கிறிஸ்துவுக்கு." வெட்டினான்.

"மாதாவுக்கு."

மூன்றாவதுக்குக் கத்தியை இறக்கினான். பாதியில் நின்றுவிட்டான். முகத்தில் ஒரு தடுமாற்றம். கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வெட்டி முடித்தான்.

"எவ்தோகியா அக்காவுக்கு."

ஃபோத்திஸ் எவ்தோகியாவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா உளர்றே? பாங்க் துண்டு எங்கே?" என்று எழுந்தே விட்டார் பெரியப்பா.

"ஐயோ... மறந்துட்டேன் பெரியப்பா."

"பாங்கையே மறந்துட்டியா? உங்க தாத்தா பட்டினி கிடந்து ஆரம்பிச்ச பாங்குடா இது. அந்தத் துண்டைத் திருப்பி வாங்கு."

"பேர் சொன்ன துண்டைத் திருப்பி வாங்கினா வருஷம் முழுக்க விளங்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க? பாங்குக்குக் கடைசித் துண்டு வச்சுக்கலாம்."

"வாட்ச்மேனுக்கு அப்புறமா? நல்லா இருக்குடா உன் நிர்வாகம். ஆறு மாசம்னு சொன்னது ஜாஸ்தி போலிருக்கு."

ஸ்ட்ராட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டான். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

எவ்தோகியாவுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேண்டாம் தம்பி. இது பாங்க் சொத்து. இதைத் தின்னுட்டு நாளைக்கு பாங்குக்கு ஒண்ணுன்னா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பெரிய வீட்டுப் புள்ளைக்கு வெள்ளிக் கரண்டி பிடிக்கத் தெரியும். நம்ம வழக்கம் எங்கே தெரியுது?"

"சாப்பிடுங்க அக்கா. ஒரு வாய்."

"வேண்டாம்னா விடு."

"உங்க காலில் விழணுமா?"

இப்படியா ஒரு முதலாளி பேசுவான்? பக்கத்திலிருந்த ஃபோத்திஸ் கிள்ளினான். அவள் கடுப்போடு ஒரு வாய் கடித்தாள்.

கடக்.

பல் போயே போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வாயிலிருந்து எடுத்தால், காகிதம் சுற்றிய காசு.

"மெல்போர்ன்!" என்று ஃபோத்திஸ் அலற, பாங்கே ஆட ஆரம்பித்துவிட்டது. யாரோ அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். அவள் சிரித்தாளா அழுதாளா, அவளுக்கே தெரியாது. பெலாகியாவுக்குப் போன் போட்டால் அங்கே அதற்குமேல் கூச்சல். பெரியப்பா மட்டும் கேக்கைத் தொடாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "பாக்கறேன்டா, பாக்கறேன்" என்று ஸ்ட்ராட்டிஸிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் எவ்தோகியா காசைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். சுற்றியிருந்த ஜிகினாக் காகிதத்தைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காகிதம் நேர்கோடாகக் கிழிந்திருந்தது. பல் பட்டால் இப்படிக் கிழியாது. காசின் மேலேயும் பளிச்சென்று ஒரு கத்திக் கீறல்.

அவனை என்னவெல்லாம் பேசிவிட்டாள்!

ஓடிப்போய் அவனைத் தனியாகப் பிடித்தாள். "தம்பி, வெட்டும்போதே கத்தி இதுல பட்டிருக்கு. காசு இங்கேதான் இருக்குன்னு தெரிஞ்சேதான் என் பேரைச் சொன்னியா? அது பாங்குக்குப் போக வேண்டியது இல்லையா?"

ஸ்ட்ராட்டிஸ் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"பாங்குக்கு மெல்போர்ன்ல தங்கச்சி யாரும் இல்லையே, அக்கா."