ஒரு சங்குப் பால்

மறுபடியும் நழுவிவிட்டது.

குழந்தை காம்பைக் கவ்வியது. ஓர் இழுப்பு இழுத்தது. விட்டது. வீறிட்டது.

“நான்தான் சொன்னேனே, இவளுக்குப் பால் இல்ல,” என்றாள் பக்கத்து வீட்டுச் செங்கமலம் அத்தை, கட்டிலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

அறைக்குள் கால் வைக்க இடமில்லை. பிள்ளை பார்க்க வந்தவர்கள். பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பெற்றவளின் மார்பைத்தான் பார்த்தார்கள்.

ஒருத்தி சின்னது என்றாள். ஒருத்தி காம்பு உள்வாங்கியிருக்கிறது என்றாள். ஒருத்தி அமுக்கியே பார்த்தாள்.

அவள் முந்தானையை இழுத்தாள்.

“எங்ககிட்ட என்னடி வெக்கம்?”

வெட்கம் இல்லை. எரிச்சல்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெளிவாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். காம்பை மட்டும் கொடுத்தால் ஆகாது. கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மொத்தமும் உள்ளே போக வேண்டும். சப்பச் சப்பத்தான் ஊறும்.

காத்திருக்க யார் விட்டார்கள்?

குழந்தை வாயைத் திறப்பதற்குள் ஏதாவது ஒரு கை வந்து தலையைப் பிடித்து அமுக்கும். அது திமிறும். பசியில் அழுகிறது என்பார்கள். பயத்தில் அழுகிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், படித்த திமிர்.

விலங்கியல் பட்டம். இந்தத் தெருவிலேயே முதல் பட்டம். பாலூட்டிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அந்தப் பரீட்சையில் சுற்றி நின்று எவளும் அமுக்கவில்லை.

அலமாரியில் பால்பவுடர் டப்பா உட்கார்ந்திருந்தது. அம்மா வாங்கிவந்தது. இன்னும் உடைக்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் பால் வராவிட்டால் உடைத்துவிடுவாள். உடைத்தால் குழந்தை புட்டிக்குப் பழகிவிடும். அப்புறம் இது வெறும் மார்புதான்.

தெருவில் குரல் கேட்டது.

“கழுதப் பாலே… கழுதப் பாலு…”

அம்மாவின் முகம் மலர்ந்தது.

“நல்ல நேரத்துல வந்தான். ஒரு சங்கு ஊத்திருவோம். சீக்கு அண்டாது. கொரலும் கணீர்னு வரும்.”

பிள்ளையின் குரல் ஏற்கெனவே தெருமுனைவரை கணீரென்று போய்க்கொண்டுதான் இருந்தது.

“பச்சப் பிள்ளைக்கு அதெல்லாம் குடுக்கக் கூடாதும்மா.”

“நீ குடிச்சு வளந்தவதான்டி. வாய மூடு.”

அம்மா சங்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேடிக்கை பார்க்க எல்லோரும் பின்னாலேயே போனார்கள். பிள்ளையைவிடக் கழுதை சுவாரசியம்.

ஜன்னல் வழியே தெரிந்தது. தாய்க் கழுதை நடுத்தெருவில் நின்றது. அதன் குட்டி விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தது. கழுதைக்காரர் குட்டியை அவிழ்த்துவிட்டார். அது பாய்ந்து போய் மடியில் முட்டியது. நாலு வாய் குடித்திருக்கும். கழுத்தைப் பிடித்து இழுத்துக் கம்பத்தில் மறுபடி கட்டினார்.

குட்டி கத்தியது.

பெண்கள் கழுதையைச் சூழ்ந்துகொண்டார்கள். கழுதைக்காரர் மடியில் கை வைத்தார். எடுத்துவிட்டார்.

“தள்ளிப் போங்கம்மா! இப்படிச் சுத்தி நின்னா இது எப்படிச் சொரக்கும்? சத்தம் போடாதீங்க. மெரளுது பாருங்க.”

பின்வாங்கினார்கள். எதிர்வீட்டுச் சுவர்வரை. செங்கமலம் அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவே மூச்சை அடக்கி நின்றது.

ஒரு கழுதைக்காக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எழுந்தாள். தையல் இழுத்தது. ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள். உள்ளங்கையால் குத்தித் தள்ளினாள்.

விழுந்தது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். குழந்தையைத் தன் வயிற்றோடு வயிறாக ஒட்டிப் படுக்கவைத்தாள். அது கத்தியது. கத்தட்டும். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு சொட்டுப் பிதுக்கி உதட்டில் தடவினாள். இன்னும் மஞ்சள் சீம்பால்தான்.

குழந்தை நாக்கை நீட்டியது. தலையை இந்தப் பக்கம் ஆட்டியது. அந்தப் பக்கம் ஆட்டியது. தேடுகிறது.

அவள் அமுக்கவில்லை.

வாய் திறந்தது. அவ்வளவு சின்ன முகத்தில் அவ்வளவு பெரிய வாய்.

சட்டென்று நெஞ்சோடு அணைத்தாள்.

சுள்ளென்றது. பல்லைக் கடித்தாள். தாடை மார்பில் புதைந்தது. நழுவவில்லை. இழுத்தது. நிறுத்தியது. இழுத்தது.

அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. பாலூட்டினால் கருப்பை சுருங்கும், ரத்தப்போக்கு குறையும், தாய்க்கு நல்லது என்று படித்திருந்தாள். இப்படி வலிக்கும் என்று எந்த நாயும் எழுதவில்லை.

அப்புறம் மார்புக்குள் ஏதோ குறுகுறுவென்று இறங்கியது. மறுபக்கத்து ரவிக்கை தானாக நனைந்தது.

ளக். ளக். ளக்.

விழுங்குகிற சத்தம்.

கதவு இடிபட்டது.

“ஏய், கதவ எதுக்குடி சாத்துன? பால் ஆறுது.”



“புள்ள சத்தத்தையே காணோமே… ஐயோ, என்னடி பண்ற உள்ள?”

“படிச்ச கழுத, என்ன பண்ணுதோ,” என்றாள் செங்கமலம் அத்தை.

குழந்தையின் மூடியிருந்த கை விரிந்து அவள் விலாவில் கிடந்தது.

“குடிக்குதும்மா,” என்றாள். “அந்தக் குட்டி அங்க கத்திக்கிட்டு நிக்குது பாரு. அதுக்குக் கொண்டுபோய் ஊத்து.”



திட்டு வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை. அம்மாவின் காலடி மட்டும் தெருப்பக்கமாகப் போனது. மெதுவாக. கையில் இருப்பது சிந்தாமல் நடக்கிறவளின் காலடி.