வாடகைக் கால்கள்

பெயர்கூட மறந்துபோன ஒரு பழைய அரசின் கற்கோட்டையில், வர முடியாதவர்களுக்காக ஏறி இறங்குவது செங்கமலத்தின் வேலை. அவள் உடம்பில் பொருத்திய கருவி வழியாக, அவள் காண்பதும் உணர்வதும் வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு அப்படியே போய்ச் சேரும். இன்று எஸ்தர் அம்மாளின் முறை. பதினைந்து வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்.

பாதிப் படியில் அவர் குரல் காதுக்குள் கேட்டது. "முட்டி இப்படி வலிக்குதே, எத்தனை நாளா?"

செங்கமலம் பதறிப்போனாள். அவள் முட்டிவலி தங்களுக்கும் வலிக்கிறதென்று ஏற்கெனவே இருவர் புகார் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

"மன்னிச்சிடுங்கம்மா. வேற ஆளை அனுப்பச் சொல்றேன்."

"வேண்டாம். எனக்குக் கால் வலிச்சு எவ்வளவு காலமாச்சு. மேல போக வேண்டாம், உட்காரும்மா."

இந்த வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் முதல்முறையாகச் செங்கமலம் அங்கே உட்கார்ந்தாள். கல் இளஞ்சூடாக இருந்தது. எதிரே, கூரையிழந்த மண்டபத்தின் தூண்களில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.