ரூட்டர் எழுதிய மூன்றாவது வரி

"நெட்டு கட்டாச்சா, கட்டாகலையா? அதை மட்டும் சொல்லும்மா. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

ஹஸ்னா பானு இடுப்பில் கைவைத்து நின்றாள். யோகலட்சுமி தரையில் சம்மணமிட்டு, ரூட்டரோடு மடிக்கணினியை இணைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கரன்கோவிலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் இணைய நிறுவனத்தார் யோகலட்சுமியைத்தான் அனுப்புவார்கள். அதிகம் பேசமாட்டாள் என்பது கூடுதல் தகுதி.

இன்று அவள் பேசவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஹஸ்னாவின் கணவர் அப்துல்லா ரியாத்தில் வேலை பார்க்கிறார். தினமும் வீடியோவில் வந்து, இரவு என்ன குழம்பு என்பதுவரை கேட்கிறவர். நேற்று வரவில்லை. ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது. அதை ஹஸ்னா இப்போது மறுபடியும் ஒலிக்கவிட்டாள்.

"ஹஸ்னா, உன் நெட்டு கட்டாயிக் கட்டாயி வருது. நாளைக்கும் லைன் கெடைக்கலேன்னா என்னைய ஏசாதே, என்னா."

அதற்குப் பிறகு அவருடைய போன் அணைந்துவிட்டது.

"நேத்து பூரா நெட்டுலதான் டிவி பாத்தேன். ஒரு எடத்துல நிக்கலை. அப்ப யாரு பொய் சொல்லுதா? இந்த டப்பாவா, அவுகளா?"

கோபமாகத் தொடங்கிய குரல்தான். கடைசிச் சொல்லுக்கு வரும்போது கோபம் தீர்ந்துபோய் பயம் மட்டும் மிச்சமிருந்தது.

யோகலட்சுமிக்கு அது கேட்டது.

நெட் எப்போது போனது, எப்போது வந்தது, யார் யார் சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் ரூட்டர் தானாகவே வரிவரியாக எழுதிவைக்கும். லாக் என்பார்கள். ரூட்டரின் முதுகில் செருகியிருக்கும் பென்டிரைவில் அது சேரும். முந்தாநாள் ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அப்கிரேட் ஆனதிலிருந்து ஒரு வரிகூடச் சேரவில்லை.

பழைய ஃபர்ம்வேர், இடம் போதாவிட்டால் பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். புதியதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இடமில்லை என்று ஒருமுறை முனகிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

பென்டிரைவைத் திறந்தாள். ஒரே ஒரு கோப்பு, கிட்டத்தட்ட மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"அக்கா, இதுல உங்க நிக்காஹ் வீடியோ இருக்கு."

"டிவியில பாக்கலாம்னு அவுகதான் செருகிட்டுப் போனாக. அழிச்சிரு."

யோகலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"அழின்னு சொல்லுதேன்ல. பொய் சொல்லுத மனுசனோட எனக்கு என்ன நிக்காஹ் வேண்டிக் கெடக்கு?"

"முழுசுமாக்கா?"

ஹஸ்னா கொஞ்சம் யோசித்தாள்.

"பந்தி பரிமாறுத எடத்தை மட்டும் விட்டுரு. அது எங்க வாப்பா போட்ட சோறு."

யோகலட்சுமி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, வீடியோவை அழிக்காமல் தன் கணினிக்கு நகர்த்தினாள். ரூட்டரை அணைத்துப் போட்டாள்.

"நேத்துள்ளது கெடைக்காதுக்கா. அது எழுதவே இல்லை. இனிமே உள்ளதுதான் விழும்."

ஹஸ்னா கணவருக்கு மறுபடியும் அழைத்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவ்வளவு நேரம் பேசியவள் பேசாமலிருப்பது யோகலட்சுமிக்குத் தாங்கவில்லை. மௌனம் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த மௌனம், யாரோ வேற்றாள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

ரூட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. திரையில் வரிகள் விழத் தொடங்கின.

டிவி இணைந்தது.

ஹஸ்னாவின் போன் இணைந்தது.

மூன்றாவது வரியை யோகலட்சுமி திரும்பத் திரும்பப் படித்தாள்.

அப்துல்லாவின் போன் இணைந்தது.

ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டுச் சேர்ந்த போன், எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் கேட்காமலே சேர்ந்துகொள்ளும். அதில் அதிசயம் இல்லை. ஆனால் இந்த ரூட்டரின் வீச்சு எதிர்வீட்டுப் படியைத் தாண்டாது. ரியாத் அதைவிடக் கொஞ்சம் தூரம்.

யோகலட்சுமி வயரைப் பார்ப்பதுபோல எழுந்து ஜன்னலோரம் போனாள்.

எதிர்வீட்டு நிழலில் இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்த மனிதர் ஜன்னலில் முகம் தெரிந்ததும் பதறி எழுந்தார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் வீட்டைக் காட்டி, ரொம்பக் கோபமோ என்று முகத்தாலேயே கேட்டார்.

யோகலட்சுமி ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர் மறுபடியும் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

நெட் ஒருமுறைகூடக் கட்டாகவில்லை. போன்தான் அவரோடு கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்திருக்கிறது.

"என்னம்மா, ஏதும் விழுந்துச்சா?"

ஹஸ்னா எழுந்து வந்துகொண்டிருந்தாள். யோகலட்சுமி பாய்ந்து கணினி முன் உட்கார்ந்தாள். காலையிலிருந்து மல்லுக்கட்டி எழுதவைத்த லாக்கில், அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள்.

"இன்னும் சரியா விழலைக்கா. வாசல்ல ஏதோ வயரு கழண்டிருக்கும்போல. ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டே ஹஸ்னா நடந்தாள்.

"அங்கன ஆயிரம் வயரு தொங்குது. எதைன்னு பாக்க?"

"கதவைத் தொறங்க. உங்களுக்கே தெரியும்க்கா."