ஏழாவது ஷரத்து

பன்னாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றின் அல்மாட்டி அலுவலகத்தில் அசோசியேட் வக்கீலான தோர்கினுக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. எழுதுவதும் அழிப்பதும், எழுந்து நடப்பதுமாக இருந்தாள்.

லண்டனிலிருந்து வந்த வேலை, ஒரு பணிநீக்கப் பத்திரம் எழுதுவது. ஒரு நிறுவனம் தன் கிளை ஒன்றின் ஆட்களைக் கூண்டோடு வீட்டுக்கு அனுப்புகிறது. ரகசியம் காக்க, பத்திரத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் ‘கழுகு’, ஆட்கள் ‘முயல்கள்’.

“இன்னுமா முடியல?” என்றார், அவள் அண்ணன் என்ற மரியாதையோடு ‘அகா’ என்று அழைக்கும் பார்ட்னர் ஒராஸ்.

“ஏழாவது ஷரத்துல ஓட்டை இருக்கு, ஒராஸ் அகா. முயலுங்க கோர்ட்டுக்குப் போயிடும்.”

“போனா போகட்டும்மா. விட்டுடு.”

“நல்லாருக்கே! அப்புறம் வக்கீல்னு நான் எதுக்கு இருக்கேன்?”

ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கே போனாள். ஒராஸின் மேசையில் பால் தேநீர் தொடாமலே ஆறிக் கிடந்தது.

மறுநாள் காலை, நிஜப் பெயர்கள் நிரப்பிய பத்திரம் எல்லோருக்கும் வந்தது. கழுகு, அவர்களுடைய சட்ட நிறுவனமேதான். முயல்களின் பட்டியலில் முதல் பெயர் ஒராஸ்; பதினொன்றாவது தோர்கின்.

“அகா... நாம கேஸ் போட முடியாதா?” என்றாள்.

“நேத்து மதியம் வரைக்கும் முடிஞ்சிருக்கும்மா” என்றார் ஒராஸ்.