மைனரின் நலன் கருதி

நிலத்தை எதற்காக விற்க வேண்டும் என்று மீனலோசினியிடமே கேட்டார் நீதிபதி அம்மா.

குருநாதன் அவள் வாயையே பார்த்தார்.

தாய் தகப்பன் இல்லாத தம்பி மகள் அவள்; அவளுக்கு அவர்தான் கோர்ட் நியமித்த கார்டியன். குருவிகுளம் பக்கம் அவள் பேரில் இரண்டு ஏக்கர் கரிசல் கிடந்தது. காற்றாலை நிறுத்தும் காத்தாடிக் கம்பெனிக்காரன் நல்ல விலை சொல்லியிருந்தான். ஆனால் மைனர் சொத்து. கோர்ட் அனுமதியில்லாமல் பத்திரம் போட முடியாது. அவளுக்குப் பதினெட்டு முடிய இன்னும் இரண்டே மாதம். அதுவரை பொறுத்தால் கையெழுத்து அவள் கைக்குப் போய்விடும்.

படிப்புச் செலவு என்று எழுதினால்தான் அனுமதி கிடைக்கும் என்றார் வக்கீல். மனுவில் அப்படியே எழுதினார்கள். பஸ்ஸில் வரும்போது குருநாதன் அவளுக்கு நாலு தரம் சொல்லிக்கொடுத்தார்.

"படிக்கதுக்குத்தாம்மா," என்றாள் மீனலோசினி.

குருநாதனுக்கு உயிர் வந்தது.

என்ன படிப்பு, எங்கே என்று நீதிபதி அடுத்துக் கேட்டார். அதைக் குருநாதன் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பாளையங்கோட்டையில் நர்சிங். இடம் கிடைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

எப்போது எழுதிப்போட்டாள், யார் கூட்டிப்போனது, குருநாதனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்துக் குனிந்துகொண்டார்.

அங்கேயே உத்தரவு. விற்கலாம். பணம் மைனர் பேரில் பாங்கில் இருக்க வேண்டும். ஃபீஸ் அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போகும். சேர்த்ததற்கான ரசீதைக் கார்டியனே முப்பது நாளில் தாக்கல் செய்ய வேண்டும்.

தம்பி பிள்ளையைப் படிக்கவைக்க இவ்வளவு அலைகிற பெரியப்பா எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நீதிபதி பாராட்டவும் செய்தார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குருநாதனின் கைகள் தானாகக் கும்பிட்டன.

வராந்தாவில் ஊர்க்காரர் ஒருத்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனசு என்றார். குருநாதன் அவரையும் கும்பிட்டார்.

மீனலோசினி பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

குருநாதன் சற்றுத் தள்ளிப்போய் மச்சினனுக்குப் போன் போட்டார். நிலம் விற்ற பணத்தில் நகை போட்டு, வருகிற தையில் மீனலோசினியை அவன் மகனுக்குக் கட்டிவைப்பதாக வெற்றிலை மாற்றியிருந்தது.

"மாப்ள, கல்யாணத்த நாலு வருசம் கழிச்சுப் பாப்போம். பிள்ள படிக்கட்டும்னு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."