சுண்ணாம்பு பிடித்து வைத்திருந்தது

போர்க் கிணற்றிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய குழாயின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினாள் அந்தப் பெண். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னாள். உட்கார மனம் வரவில்லை.

தண்ணீர் சோதிக்கிற ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவள் அவள். மகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பார்த்தார்கள். போர் தண்ணீரில் ஈயம் இருந்தது. எப்படி வந்தது என்று அறிய இன்று நேரிலேயே வந்துவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகை. மூடிப் பல வருடமாகிறது. உருக்கியவன் போய்விட்டான். ஈயம் மண்ணோடு தங்கிவிட்டது.

“போர்ல ஆசிட் விட்டீங்களா ஐயா?”

விட்டார்.

கோடையில் போர் நூலாக ஊற்றியது. மகள் தாரணி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். வாயும் வயிறுமாக வருகிற பெண்ணைக் குடம் தூக்கவா விடுவது? ஊற்றுக்கண்ணைச் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, ஆசிட் விட்டால் கரைந்துவிடும் என்றார்கள். அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வதுதான்.

உள்ளே சோடா மாதிரிப் பொங்கியது. நுரை நிற்கும்வரை மோட்டாரை ஓட்டித் தண்ணீரைத் தரிசுக் காட்டில் விட்டார். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது.

பிறகு குழாய் நிறையக் கொட்டியது. வளைகாப்பு முடிந்து வந்திறங்கிய மகளுக்கு முதல் சொம்பை அவரே மொண்டு கொடுத்தார்.

எட்டாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றது.

ஆண் குழந்தை. முகம் அப்படியே தாரணி.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? தாய் வீட்டுக்கு வருகிற வழியில் தாரணி பஸ் ஸ்டாண்டில் பப்பாளி வாங்கித் தின்றாளாம். அதுதான் காரணமாம். ஊர் சொன்னால்கூடப் போகட்டும். மாமியார் சொன்னாள். பெற்றவளும் சொன்னாள். கடைசியில் தாரணியே நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. புருஷன் போன் செய்தாலும் எடுப்பதில்லை. அழக்கூட இல்லை.

ஆய்வுக்கூடத்துப் பெண் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“இத்தன வருசமா மண்ணுலேருந்து எறங்குன ஈயத்த இந்தச் சுண்ணாம்புதாங்க ஐயா பிடிச்சு வச்சிருந்துச்சு. ஆசிட் அதைக் கரைச்சதும், பிடிச்சு வச்சதெல்லாம் தண்ணிக்கு வந்துருச்சு.”

“நாங்களுந்தானுங்க அதையே குடிச்சோம்.”

“பெரியவங்க உடம்பு கொஞ்சம் தாங்கும். வயித்துப் புள்ள தாங்காதுங்க.”

இனி இந்தத் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம் என்றாள். அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அவள் வண்டி போன பிறகும் அவர் போரடியிலேயே நின்றார்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழி பப்பாளியோடு போய்விடும்.

பப்பாளியோடா? மகளோடு.

உள்ளே போனார்.

தாரணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் வற்றட்டும் என்று மார்பில் வைத்துக் கட்டியிருந்த மல்லிகை அறை முழுக்க மணத்தது. கல்யாண வீட்டு மணம்.

தரையில் உட்கார்ந்தார்.

“கண்ணு, பப்பாளியால இல்ல சாமி. தண்ணியில ஈயம் இருந்துச்சாமா. நான் போர்ல ஆசிட் உட்டதுல வந்தது.”

அவள் மெல்லத் திரும்பினாள்.

“அப்ப... நான் தின்னதுனால இல்லீங்களாப்பா?”

“இல்ல சாமி. நீ ஒண்ணுமே பண்ணல.”

அவள் முகம் கோணியது. நகர்ந்து வந்து அவர் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது. குழந்தை போனதிலிருந்து வராத அழுகை. வேட்டி நனைந்தது.

அவர் சொன்னதில் பாதிதான் அவளுக்குள் போயிருந்தது.

அழுது ஓய்ந்ததும் மீதியும் புரியும்.

அதுவரைக்கும் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.