மெர்னாவின் துப்பாக்கி

அமெரிக்காவின் வயோமிங்கில் கிளைட் என்பவரின் வீட்டில் துப்பாக்கி இல்லாத நாளே இருந்ததில்லை. பூட்டி வைக்கத் தெரியாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்பது அவர் கட்சி. துப்பாக்கி அலமாரியின் சாவி எப்போதும் அவர் கழுத்திலேயே தொங்கும்.

மனைவி மெர்னா இறந்த பிறகும் ஞாயிறுதோறும் அவளுடைய ரைஃபிளை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு முறையும் குழலுக்குள் விட்ட துணி, அப்போதுதான் சுட்டதுபோல, புதுக் கரியோடு வந்தது.

ஒரு ஞாயிறு மகள் டீனா அதைப் பார்த்துவிட்டாள். "அப்பா, இதை யாரு சுட்டது?"

"உங்கம்மாதான். என்னைக்கு அவ சுட்டுட்டுத் துடைச்சு வெச்சிருக்கா?"

"விளையாடாதீங்கப்பா. பேசாம இதை வித்துடலாம்."

"வித்துட்டா அவ எதை எடுத்துட்டுப் போவா?"

டீனா அதை வாங்கித் தோளில் பொருத்தினாள். அம்மா கன்னம் பதிக்கும் மரக்கட்டை இளஞ்சூடாக இருந்தது. வெகுநேரம் அவள் கன்னத்தை எடுக்கவில்லை.